பட்டம் வாங்கிய சேதியை யார் சொல்வது?

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



பட்டம் வாங்கியவர்களுக்கு நோட்டீஸ், போஸ்டர், அட்டை எல்லாம் எப்படிப் போடுவது என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காலையிலிருந்து இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதிச் சோறு என்று கனமான விஷயங்கள் பேசியாச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருத்தன் நோட்டீஸ் பற்றிப் பேச வர்றான். இது அலங்காரம்தானே, இதில் என்ன இருக்கு என்று சிலருக்குத் தோணலாம். யாருடைய சேதியை, யார், எந்த இடத்தில் நின்று, எந்த மொழியில் சொல்வது என்கிற கேள்வி சாதிச் சமூகத்தில் ஒருநாளும் அலங்காரமாக இருந்தது கிடையாது.

நான் வங்கியில் குமாஸ்தா. நாள் முழுக்கப் பெயர்களைக் காகிதத்தில் பார்க்கிறவன். நம்ம சனங்களோட பெயர் எந்தெந்தக் காகிதத்தில் வருகிறது என்று ஒருநாள் யோசித்துப் பாருங்கள். ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்ட், சாதிச் சான்றிதழ், நகை ஏல நோட்டீஸ், போலீஸ் ஸ்டேஷன் எஃப்.ஐ.ஆர். இதெல்லாம் அடுத்தவர்கள் நம்மைப் பற்றி எழுதிய காகிதங்கள். நாமே எழுதி, நாமே அச்சடித்து, ஊர் பார்க்க ஒட்டுகிற காகிதம் ரொம்பக் கொஞ்சம். கல்யாணப் பத்திரிகை ஒன்று. கண்ணீர் அஞ்சலி ஒன்று. மூன்றாவதாக இப்போது வந்திருப்பது இந்தப் பட்டதாரி நோட்டீஸ். அதை எப்படி எழுதுவது என்பதைக் கடைக்காரர் கையில் விட்டுவிட முடியாது.

கொஞ்சம் பின்னால் போவோம். ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு இழவு சொல்லப் போனது யார்? வெயிலிலும் மழையிலும் கால்நடையாகப் போய், திண்ணையில்கூட உட்காராமல், வாசலுக்கு வெளியே நின்று சேதியைச் சொல்லிவிட்டு, போட்டதை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நம் தாத்தாக்கள். வரி, ஏலம், திருவிழா, எதுவானாலும் தண்டோரா போட்டதும் அவர்கள்தான். பறை என்ற சொல்லுக்கே ‘சொல்’ என்று பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றைக்கும் சொல்வதற்கு அந்த வினைச்சொல்தான். தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி, 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். 2022 வரைக்கும் அது ஓடிக்கிட்டு இருந்திருக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்கெல்லாம் சேதி சொன்னவன் வீட்டில் பிள்ளை பிறந்தது, பிள்ளை தேறியது என்பதை ஊருக்குப் போய்ச் சொல்ல யார் இருந்தார்கள்? அந்தச் சேதி சேரிக்குள்ளேயே பிறந்து சேரிக்குள்ளேயே அடங்கியது.

இன்னொரு அறிவிப்பையும் நினைவுபடுத்துகிறேன். 1930இலும் 1931இலும் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது கட்டுப்பாடுகளின் பட்டியல் போட்டார்கள். ஹட்டன் சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. இடுப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, நகை கூடாது, குடை கூடாது என்று போகிறது. 1931 பட்டியலில் ஒன்று: இவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. அதுவும் ஒரு அறிவிப்புதானே? அதே மண்ணில் ‘எங்கள் பிள்ளை படித்து முடித்துவிட்டது’ என்று ஒரு தாளை நாம் ஒட்டினால், அது அந்தப் பட்டியலுக்கு எழுதுகிற பதில். இந்த நினைப்போடு பேனாவை எடுக்க வேண்டும்.

*

நமக்கு முன்மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்காக அண்ணல் அம்பேத்கர் 1956இல் எழுதிய முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அவர் ஆங்கில நான்காம் வகுப்பு தேறியபோது சமூகத்தார் ஒரு பாராட்டுக் கூட்டம் போட நினைத்தார்கள். மற்ற சாதிகளின் படிப்பு நிலைமையோடு பார்த்தால் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சனத்தில் அந்தப் படியைத் தொட்ட முதல் பையன் நான் என்று எழுதுகிறார். அப்பா ராம்ஜி சம்மதிக்கவில்லை. ஒரு பரீட்சைதானே தேறியிருக்கிறான், பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவர் கவலை. ஆட்கள் விடவில்லை. குடும்ப நண்பர் தாதா கேலுஸ்கரைப் பிடித்துப் பேசவைத்து, கூட்டத்தை நடத்திவிட்டார்கள். கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் இதை 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்ததாகச் சொல்கிறார்கள். எந்த வகுப்பு என்பதில் வேறுபாடு இருக்கட்டும். நமக்கு வேண்டியது அதில் இருக்கிற மூன்று பாடங்கள்.

ஒன்று, கூட்டத்தைப் போட்டது குடும்பம் இல்லை, சமூகம். பையனின் பெருமையைக் காட்டுவதற்காகவும் இல்லை. நாம எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு சனம் தன்னைத் தானே அளந்து பார்த்துக்கொண்டது. இரண்டு, ராம்ஜியின் மறுப்பு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். இன்றைக்கு நாம் பார்க்கிற பல பேனர்களை ராம்ஜி பார்த்திருந்தால் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பார். மூன்று, கூட்டம் கலைந்த பிறகு பையன் கையில் மாலை மிஞ்சவில்லை, புத்தகம் மிஞ்சியது. புத்தரை நோக்கித் தாம் திரும்பியது அந்தப் புத்தகத்தால் என்று அவரே எழுதுகிறார். 1956 அக்டோபர் 14 நாகபுரிக்குப் போன பாதையில் ஒரு பாராட்டுக் கூட்டமும் இருக்கிறது.

ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். கொச்சியில் புலையர் குடும்பத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் 1935இல் பி.ஏ. முடித்தார். இந்தியாவில் பட்டம் வாங்கிய முதல் தலித் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். பின்னால் அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணும் அவர்தான். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் அவர் படித்தது வேதியியல். ஆசிரியர் சோதனைகளைக் கிட்டே நின்று பார்க்க விடவில்லை, தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. அவருக்கு ஒரு பட்டதாரி நோட்டீஸ் போடச் சொன்னால் என்ன போடுவீர்கள்? ‘வாழ்த்துகிறோம்’ என்று போட்டுப் பூங்கொத்துப் படம் வைப்பீர்களா? நான் இப்படிப் போடுவேன்: தாளின் ஒரு ஓரத்தில் ஒரு சின்னச் சோதனைக் குழாய். எதிர் ஓரத்தில் அவர் பெயர். நடுவில் முழுக்க வெற்றிடம். கீழே ஒரே வரி: ‘இவ்வளவு தூரத்தில் நின்று படித்தது.’ வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். படிப்பில் நடந்தது தாளில் தெரியணும்.

*

இன்றைக்கு நம் காலனி முனையில் தொங்குகிற ஃபிளெக்ஸைப் பாருங்கள். மேலே தலைவர்கள், கட்சிக்குள் இருக்கிற வரிசைப்படி பெரிய முகம் சின்ன முகமாக. பக்கத்தில் ஒரு சிங்கமோ புலியோ. நடுவில் வாடகைக் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட நம்ம தம்பி. முகத்தைக் கடைக்காரர் ரெண்டு பூச்சு வெளுத்துவிட்டிருப்பார். கறுப்பாக இருந்தால் படம் எடுக்காதாம். கீழே ‘இவண்’ என்று போட்டுத் தபால்தலை அளவில் முப்பது முகம். எல்லாம் ஆண் முகம். மொழி எப்படி இருக்கும்? கர்ஜனை, படை, சரித்திரம். எந்தச் சாதிப் பெருமை நம்மை வெட்டியதோ அதனுடைய மொழியை வாடகைக்கு எடுத்து நம்ம பிள்ளை தலையில் சூட்டுகிறோம்.

என்ன இல்லை என்று பாருங்கள். தம்பி என்ன படித்தான் என்பது ரெண்டு எழுத்தில் மூலையில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். எந்த வருடம் என்பது இருக்காது. அம்மா இருக்க மாட்டாள். படிக்க வைத்த அக்கா இருக்க மாட்டாள்.

இன்னொன்று. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து மேலே விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். பட்டம் வாங்கிய ஒரு பெண்ணை ஒரு பேனர் கொன்றிருக்கிறது. அனுமதி வாங்காமல் ரோட்டில் பேனர் கட்டுவதில்லை என்று நம் தோழர்கள் முடிவெடுக்க வேறு காரணம் தேவையில்லை. பி.வி.சி. துணி மட்காது, மழைக்காலத்தில் குடிசை மேலே போர்த்துகிறோம், அது ஒன்றுதான் அதனால் பயன்.

*

சரி, என்னதான் செய்யலாம்? சில யோசனைகள் சொல்கிறேன். இதுதான் முடிவு என்று இல்லை. நீங்கள் மாற்றுங்கள், சண்டை போடுங்கள்.

முதலில் ஒரு வேறுபாடு. அழைப்பிதழ் வேறு, அறிவிப்பு வேறு. அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி முடிக்கிறவர்கள் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் ஒரு அட்டை அனுப்புவார்கள். விழா மண்டபத்தில் இடம் கொஞ்சம் என்பதால் எல்லோரையும் கூப்பிட முடியாது; அதனால் ‘இன்னார் இன்ன படிப்பை இன்ன தேதியில் முடிக்கிறார்’ என்று சேதியை மட்டும் சொல்கிற அட்டை. வா என்று கேட்பதில்லை. அங்கே கறுப்பின மாணவர்கள் பட்டமளிப்பு அங்கியின் மேல் கானா நாட்டுக் கென்டே நெசவுத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே அங்கி, அதன்மேல் எங்கள் நெசவு என்று அர்த்தம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று எழுதிய துண்டு போடுகிறவர்களும் உண்டு. இதைக் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. நம்மிடம் பத்திரிகை என்றாலே மொய் நினைவு வந்துவிடுகிறது. மொய் கேட்காத, சாப்பாடு போடாத, சேதியை மட்டும் சொல்கிற ஒரு தாள் நமக்கும் வேண்டும். செலவும் மிச்சம்.

இரண்டாவது, யார் சொல்கிறார்கள்? பத்திரிகைகளில் ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்குகிற அந்த ஆள் யார்? அந்தக் குரல் நம் வீட்டில் யாருக்குமே கிடையாது. அது புரோகிதன் குரல். அதை எடுத்துவிட்டு, வீட்டில் பேசுகிற குரலைப் போடுங்கள். அம்மா சொல்லட்டும். இப்படி:

‘காலனிக்கும் ஊருக்கும் தெரிவிப்பது. என் சின்ன மகள் நர்சிங் படிப்பை முடித்துவிட்டாள். நாலு வருசம். ஒரு பேப்பரும் பாக்கி இல்லை. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டினாள். சரியாக இருக்கிறது.’

கீழே அம்மாவின் கைநாட்டு. வங்கியில் ஸ்டாம்பு மையில் பெருவிரலை அழுத்தித் தாளில் உருட்டுகிறோமே, அதே மாதிரி. பக்கத்தில் மகளின் கையெழுத்து. வேறு படமே தேவையில்லை. இதைச் சொன்னபோது ஒரு தோழர், கைநாட்டைக் காட்டுவது அவமானத்தைக் காட்டுவது ஆகாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கவுண்டரில் பெருவிரல் மையைச் சேலை முந்தானையில் ஒளித்துத் துடைக்கிற அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த வெட்கம் அவர்களுடையது இல்லை; எழுத்தைப் பூட்டி வைத்தவர்களுடையது. ஆனாலும் அம்மா சம்மதித்தால்தான் போடணும். வேண்டாம் என்றால் விட்டுவிடணும். நம் அரசியலுக்கு அம்மாவின் விரல் கருவி இல்லை.

மூன்றாவது, பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் சாதிவால் போன அந்த இடத்தில், தமிழ்நாட்டில் பி.ஏ., எம்.ஏ. வந்து உட்கார்ந்தது. சாதி வால் பிறக்கும்போதே ஒட்டிக்கொள்வது. பட்டம் படித்தால் மட்டும் வருவது. நமக்குப் பண்ணையார் வைத்த பெயர்களெல்லாம் கூப்பிட்டு ஏவுவதற்கான பெயர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பி.எஸ்சி. வருகிறபோது கூப்பிடுகிறவன் குரல் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. அதனால் பட்டத்தைப் போடுங்கள், வெட்கப்பட வேண்டாம். ஆனால் பட்டமே புது வால் ஆகிவிடக் கூடாது. நோட்டீஸில் பட்டதாரிகளை மேலேயும் படிக்காதவர்களைக் கீழேயும் அடுக்கினால் நாமும் ஒரு வருணம் கட்டியவர்கள் ஆவோம். தலைப்பெழுத்தில் அம்மா பெயரின் முதல் எழுத்தையும் சேர்க்கலாம். கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டாமா?

நான்காவது, கணக்கு. இது என் தொழில் யோசனை. பாஸ்புக் வடிவத்தில் ஒரு நோட்டீஸ். கோடு போட்டு, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று நாலு பத்தி. உதாரணத்துக்கு:

அம்மா, செங்கல் சூளை, பதினொரு சீசன்: வரவு.
அக்கா, எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனி: வரவு.
அரசு விடுதி, மூன்று வருடம்: வரவு.
உதவித்தொகை, வந்தபோதெல்லாம் தாமதமாக: வரவு.
கணக்கு வாத்தியார் சும்மா கொடுத்த பழைய புத்தகங்கள்: வரவு.
‘கோட்டாவா நீ’ என்று வகுப்பில் கேட்டது, எத்தனை தடவை என்று எண்ணவில்லை: பற்று.
கல்விக்கடன்: பற்று. இன்னும் கட்ட வேண்டும்.
இருப்பு: பி.எஸ்சி. கணிதம்.

இதைப் படிக்கிறவன் ஒரு பட்டம் எத்தனை பேர் உடம்பிலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வான். ‘தகுதி, திறமை’ என்று பேசுகிறவர்களுக்கும் ஒரு தாள் கொடுங்கள். அவர்கள் வீட்டு பாஸ்புக்கையும் எழுதிப் பார்க்கட்டும். தாத்தா காலத்திலிருந்து வருகிற பழைய இருப்பை முதல் வரியில் எழுத மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐந்தாவது, படித்தது என்ன, அதனால் சனத்துக்கு என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள். சட்டம் படித்த தம்பி நோட்டீஸில் இப்படிப் போடலாம்: ‘1892இல் அரசு உத்தரவுப்படி கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் பற்றிய பழைய பத்திரம், ரசீது எது வைத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்கிறேன்.’ நர்சிங் படித்த தங்கை, ‘சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைச் சீட்டைக் கொண்டு வந்தால் எதை எப்போது சாப்பிடணும் என்று எழுதித் தருகிறேன்’ என்று போடலாம். பி.காம். படித்தவர் வங்கிப் படிவம் நிரப்பித் தரலாம். எங்கள் கவுண்டரிலும் கூட்டம் குறையும். பட்டம் சட்டைப் பையில் இருக்கிற பேனா மாதிரி. வெளியே எடுத்தால்தான் எழுதும்.

ஆறாவது, பின்பக்கம். நோட்டீஸின் பின்பக்கத்தை வெள்ளையாக விடாதீர்கள். அடுத்து படிக்கப் போகிற பிள்ளைக்கு வழி எழுதுங்கள். சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாலேயே வாங்கி வை. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்விக்குப் போகிற முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழக அரசு 2010இல் கொண்டு வந்தது. தலித் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது; 2021 விதிகளின்படி பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். விதி மாறினால் வரியை மாற்றிப் போடுங்கள். கல்விக்கடனில் வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடும். கவுண்டரில் யாராவது இல்லை என்றால் எழுத்தில் கொடுங்கள் என்று கேள். இதெல்லாம் எட்டு வரிக்குள் அடங்கும். முன்பக்கம் படித்து முடித்தவருக்கு, பின்பக்கம் படிக்கப் போகிறவருக்கு.

ஏழாவது, அங்கி. 2010இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழாவில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இது காலனிய மிச்சம் என்று சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். கழற்ற அவருக்கு முடிந்தது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்று சொல்லப்பட்ட பாட்டியின் பேத்தி, குதிகால் வரை தொங்குகிற அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்க ஆசைப்பட்டால் அதை நான் கேலி செய்ய மாட்டேன். அம்பேத்கர் சிலையின் கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள், இல்லையா? அங்கியோடு படம் போடுங்கள். ஆனால் அங்கி மட்டும் இருந்தால் அது ஸ்டுடியோ படம். பின்னால் ஸ்டுடியோ திரை வேண்டாம். வீட்டு வாசலில் நில்லுங்கள். வெளுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கறுப்பு நன்றாகத்தான் அச்சாகும்.

எட்டாவது, எங்கே ஒட்டுவது? காலனிக்குள் மட்டும் ஒட்டினால் பழையபடி சேரிக்குள் பிறந்து சேரிக்குள் அடங்குகிற சேதிதான். பஞ்சாயத்து ஆபீஸ் போர்டு, பள்ளிக்கூடம், நூலகம், பஸ் ஸ்டாண்ட் டீக்கடை, கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றுக்கும் போகணும். படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கட்டாயம். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் பகலில் போங்கள், சுவருக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு ஒட்டுங்கள். கிழித்தால் கை ஓங்க வேண்டாம். கிழித்த தாளைப் படம் எடுங்கள், தேதி நேரம் எழுதுங்கள். சாதி சொல்லி இழிவாகப் பேசினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுங்கள். அப்புறம் மறுபடி ஒட்டுங்கள். ஏ4 தாள், ஒரு நிறம், ஜெராக்ஸ் போதும். எழுத்து பெரிசாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாத கிழவிக்கும் தெரியணும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தெருமுனையில் நின்று யாராவது வாய்விட்டு வாசிக்கட்டும். பறை அடிக்கலாமா? அடிமை வேலை என்று பறையைக் கீழே போட்டவர்களும், கலை என்று எடுத்துக்கொண்டவர்களும், ரெண்டு பேரும் நம் இயக்கத்தில் இருக்கிறார்கள். அந்தத் தெருக்காரர்கள் கூடி முடிவெடுக்கட்டும். அடித்தால் ஒன்று: கூலிக்கு ஆள் வைக்காமல் படித்த பிள்ளைகளே அடிக்கணும்.

*

சில மறுப்புகள் வரும். வேலை கிடைக்கட்டும், அப்புறம் நோட்டீஸ் போடலாம் என்பார்கள். பட்டதாரி சும்மா சுற்றினால் ஊர் சிரிக்குமே என்ற பயம். எனக்கு அந்தப் பயம் புரிகிறது. ஆனால் வேலை கிடைத்தபின் போட்டால் சம்பளத்துக்குப் போடுகிற நோட்டீஸாக அது ஆகிவிடும். படித்தது நடந்துவிட்டது. வேலை தராதது அரசின் கணக்கில் இருக்கிற பாக்கி, பிள்ளையின் கணக்கில் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். நம் வீடுகளில் பெண்ணின் பட்டம் முதன்முதலாக அச்சில் வருவது எப்போது? கல்யாணப் பத்திரிகையில். அங்கே அது நகைப் பட்டியலில் இன்னொரு பவுன். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிற சேதி. ஆகவே கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்னால், ரிசல்ட் வந்த வாரத்திலேயே, அவள் பெயரில் ஒரு தாள் வெளியே வரணும். இந்த ஒன்றைச் செய்தாலே இன்றைக்கு நான் பேசியதற்குப் பலன் இருக்கும்.

அரியர் இருக்கிறவர்களை என்ன செய்வது? அவர்கள் சம்மதித்தால் அதே தாளில் போடுங்கள். ‘மூன்று பேர் முடித்தார்கள். ஒருவருக்கு இரண்டு பேப்பர் பாக்கி, நவம்பரில் எழுதுகிறார்.’ பாதியில் நின்றவர்களையும் சேருங்கள். ஏன் நின்றார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள், கட்டணமா, கல்யாணமா, அவமானமா என்று.

கடைசியாக, நோட்டீஸ் போட முடியாதவர்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். 2017 செப்டம்பர் 1 அன்று போய்விட்டார். ரோஹித் வெமுலா ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். 2016 ஜனவரி 17. இவர்கள் படத்தை ஓரத்தில் அலங்காரமாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, நோட்டீஸ் வெளிவருகிற அன்றைக்கு முதலாண்டு, இரண்டாமாண்டு படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், விடுதியில் எப்படி இருக்கு, யாராவது ஏதாவது சொல்கிறார்களா, பணம் வந்துச்சா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு அச்சுக்கூலி இல்லை.

ஒரு சின்ன வேலை பாக்கி. ஒவ்வொரு நோட்டீஸிலும் ஊர் பெயரும் தேதியும் வருடமும் போடுங்கள். வருடம் போடாத காகிதம் பிறந்த தேதி தெரியாத பிள்ளை மாதிரி, எந்தக் கணக்கிலும் சேராது. ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் காலணா விலை இருந்த காகிதம்தான். யாரோ சிலர் வீட்டில் கட்டி வைத்திருந்ததால்தான், 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து அவர் சிந்தனைகள் நம் கைக்குத் திரும்ப வந்தன. நடுவில் 92 வருடம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்களைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நம் காலனியில் முதலில் பத்தாவது தேறியது யார், முதல் பட்டதாரி யார், முதல் பெண் பட்டதாரி யார் என்று இப்போது கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? ஊருக்குப் போனதும் முதலில் அதை விசாரியுங்கள். பெயர், படிப்பு, வருடம், அம்மா பெயர். அவர்களுக்கு நோட்டீஸ் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். முப்பது வருடம் தாமதமானாலும் பரவாயில்லை, முதல் நோட்டீஸை அவர்களுக்குப் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.